படாக் விலாஸின் மத்தியானப் பேய்

"பேய் இருக்கிற இடத்துக்கெல்லாம் நான் வரலை," என்று சொல்லிவிட்டு, ருக்கு எவர்சில்வர் பாத்திரங்களைப் பழைய புடவையில் சுற்றி மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

முத்துகிருஷ்ணனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இந்தத் தீவில் பார்த்த அரசாங்க உத்தியோகம் முடிந்து, டெலானிபூர் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அடுத்த வாரம் சென்னைக்குக் கப்பல். தாம்பரத்தில் மகன் வாங்கியிருக்கும் ஃபிளாட்டில் இவர்களுக்கென்று ஓர் அறை, அறைக்கு ஏசி, ஏசிக்கு ரிமோட் எல்லாம் தயார். போகத்தான் மனுஷனுக்கு மனசில்லை.

அதை வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. கூரை ஒழுகினாலும் சரி, கப்பல் தாமதமாகிக் கடையில் வெங்காயம் தீர்ந்தாலும் சரி, "ரிடையர் ஆனா முதல் கப்பல்ல மெயின்லேண்ட்" என்று சொல்லிச் சொல்லியே சர்வீஸை ஓட்டியவர் அவர். சுனாமி வந்தபோது அதை ருக்குவின் தலையில் அடித்துச் சத்தியமாகவே செய்து கொடுத்துவிட்டார். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாற்றிப் பேசுவது? ருக்கு வேறு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மூட்டை கட்டுகிறாள். அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

அதனால் வந்ததுதான் படாக் விலாஸ் யோசனை. கல்யாணமான கையோடு கப்பலில் வந்து இறங்கியபோது அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. மேட்டின்மேல் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அந்த மர ஹோட்டலின் மாடியறையில்தான் குடித்தனம் தொடங்கியது. தரை முழுக்கச் சிவந்த படாக் மரப் பலகை. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். ஹோட்டல் முதலாளிக்குத் தெரியாமல் ருக்கு கட்டிலுக்கடியில் ஸ்டவ்வை ஒளித்து வைத்துச் சாம்பார் கொதிக்க விடுவாள். முதலாளி மோப்பம் பிடித்து மாடியேறி வந்து, திட்ட வாயெடுத்து, கடைசியில் ஒரு கிண்ணம் சாம்பாரோடு இறங்கிப் போவார். அந்தச் சந்தோஷம் பிறகு எந்த வீட்டிலும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அங்கே ரெண்டு நாள் தங்கினால் ருக்குவின் மனசு இளகும், "இங்கேயே இருந்துடலாங்க" என்று அவள் வாயிலிருந்தே வரும், தாமும் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுப்பதுபோல் ஒத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது பேய். அந்த மாடியில் கொஞ்ச நாளாக மத்தியான வேளையில் ஒரு பொம்பளை அழுகிற சத்தம் கேட்கிறதாம். மார்க்கெட் முழுக்க இதே பேச்சு. அந்தக் காலத்துத் துரையின் பெண்டாட்டி என்றார்கள் சிலர். துரைக்குக் கல்யாணமே ஆகவில்லை, அது வேறு யாரோ என்றார்கள் சிலர்.

"இத்தனை வருஷத்துல நீ பேய்க்குப் பயந்து நான் பார்த்ததே இல்லையே," என்றார் முத்துகிருஷ்ணன்.

"இப்ப பயப்படுறேன். வேற லாட்ஜ் பாருங்க."

மனுஷன் விடுவாரா? நேரே படாக் விலாஸுக்குப் போனார். பழைய முதலாளியின் மகன் தேவேந்திரன்தான் இப்போது ஹோட்டலை நடத்துகிறான். பேயும் கிடையாது, ஒன்றும் கிடையாது என்று ருக்குவிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி அவனைக் கேட்டுக்கொண்டார். அவன் தலையைச் சொறிந்தான். சுனாமிக்கப்புறம் ஈயோட்டிக் கிடந்த ஹோட்டலுக்கு அந்தப் பேய்தான் டூரிஸ்ட்டுகளைக் கூட்டி வருகிறது என்றும், அதை இல்லையென்று சொன்னால் அன்னமிட்ட கைக்குத் துரோகம் என்றும் நியாயம் பேசினான். கடைசியில் அப்பா குடித்த சாம்பாருக்காக மனசிரங்கிப் போனை வாங்கினான்.

"ஆண்ட்டி, டென்ஷன் மத் லீஜியே, கவலையே படாதீங்க. நம்ம பேய் ரொம்ப நல்ல மாதிரி. யாரையும் ஒண்ணும் பண்ணாது. கொஞ்ச நேரம் அழும், மூக்கைச் சிந்தும், போயிடும். அதைக் கேக்கணும்னே கோயம்புத்தூர் பார்ட்டி ஒண்ணு பக்கத்து ரூம்ல காத்துக்கிட்டு இருக்கு."

அந்தப் பக்கம் ருக்கு டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முத்துகிருஷ்ணன் கெஞ்சினார். ஊரை விட்டே போகப் போகிறோம், கடைசியாக ஒரு தடவை அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றார். ருக்கு அவரை நிமிர்ந்து பார்த்தாள். சரியென்று தலையாட்டினாள்.

மறுநாள் காலையில் வானம் மூடிக்கிடந்தது. ருக்கு முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஹோட்டல் வாசலில் இறங்கினாள். ஏன் என்று கேட்டதற்கு வெயில் என்றாள். பயத்தில் என்ன சொல்கிறோம் என்றே தெரியவில்லை பாவம் என்று நினைத்த முத்துகிருஷ்ணன், கையோடு கொண்டுவந்திருந்த எலுமிச்சம்பழத்தையும் பச்சைமிளகாயையும் அறை வாசலில் கட்டித் தொங்கவிட்டார்.

அதைப் பார்த்துவிட்டது கோயம்புத்தூர் பார்ட்டி. நடுவயசுத் தம்பதி. அதுவரை அரைகுறையாக நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது முழு நம்பிக்கை வந்துவிட்டது. வராந்தாவில் அந்த அறைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ருக்கு கதவிடுக்கால் எட்டிப் பார்த்துவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். கட்டில் ஆடியது. கண்ணாடி டம்ளர் மேஜைமேல் தானாக நகர்ந்தது. வராந்தாவில் கோயம்புத்தூர் அம்மாள் வீறிட்ட சத்தம் கேட்டு முத்துகிருஷ்ணன் வெளியே ஓடினார். வந்த விருந்தாளிகளைத் தைரியப்படுத்த வேண்டியது உள்ளூர்க்காரன் கடமையல்லவா?

"பயப்படாதீங்கம்மா. பேய் இல்லை, பூகம்பம்தான்," என்றார்.

அவ்வளவுதான். பேய்க்கு அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய வேகத்தில் அந்த அம்மாளின் ஒரு செருப்பு மாடியிலேயே தங்கிவிட்டது. தேவேந்திரன் கீழே நின்று அவர்கள் ஆட்டோ ஏறுவதைப் பார்த்தான். பிறகு மாடியை அண்ணாந்து பார்த்தான்.

"பேய்னே சொல்லியிருக்கலாமே, அங்கிள்," என்றான்.

முத்துகிருஷ்ணன் அறைக்குள் திரும்பினார். ருக்கு ஜன்னலோரம் நின்று துறைமுகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். தோள் குலுங்குகிற அழுகை. அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. நம் ஆசைக்காக இவளை இழுத்து வந்து இப்படிப் பயமுறுத்திவிட்டோமே, இவள் நிம்மதியைவிடவா இந்தத் தீவு பெரிசு என்று தோன்றியது. அந்த நிமிஷமே தாம்பரம் போவதென்று முடிவு செய்துவிட்டார்.

"அழாதே ருக்கு. அடுத்த வாரம் கிளம்பிடலாம். தாம்பரத்துல பேயும் கிடையாது, பூகம்பமும் கிடையாது."

அவள் அழுகை பெரிசாயிற்று.

"இனிமே இந்தப் பக்கமே வரவேண்டாம், போதுமா?"

ருக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேவினாள். முத்துகிருஷ்ணனும் ஜன்னல் வழியே பார்த்தார். அவர்களை ஏற்றிப்போக வேண்டிய கப்பல் வந்து நின்றிருந்தது. அதற்குமேல் அவராலும் தாங்க முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதுவிட்டார்.

அப்போது பின்படி வழியாக வாளியும் துடைப்பமுமாக மருதாயி வந்தாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, சுனாமிக்குப் பிறகு இந்த ஹோட்டலில் கூட்டிப் பெருக்க வந்து சேர்ந்தவள். வாசலில் தொங்கிய எலுமிச்சம்பழம் தலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தாள். ஜோடியாக நின்று அழுதவர்களைப் பார்த்து அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னாம்மா, இந்த ஊர விட்டுப் போக மனசில்லேன்னு தெனமும் பின்கதவால வந்து தனியாத்தானே அழுவீங்க, இன்னிக்கு ஐயாவையும் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?"