சலாத்தைக் குப்பைக்கு அனுப்பிய வாப்பா

பிள்ளைகளே, ஸஹ்லா, இன்ஷாப்! ஈமெயில் விஷயத்தில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. (படித்தது பள்ளியில் ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான், மிச்சமெல்லாம் வீடியோ பார்த்துப் பொறுக்கியது.)

சாரன், கைலி விற்கும் நம் கடைக்கு வரும் ஓர்டர்கள், வெள்ளிக்கிழமை வாழ்த்துகளுக்கு நடுவே காணாமற்போய்க்கொண்டிருந்தன. ரோஜாப்பூப் படத்தோடு ஒரே நாளில் நாற்பது வாழ்த்து! எல்லாமே 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்றுதான் தொடங்கும். ஆகவே ஈமெயிலுக்கு ஒரு விதி எழுதி வைத்தேன்: சலாம் உள்ள கடிதம் வந்த உடனே குப்பைத்தொட்டிக்குப் போகட்டும். இன்பொக்ஸ் பளிச்சென்று ஆகிவிட்டது.

அந்த மாதந்தான் உங்கள் உம்மா முன்பள்ளி ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்தார். ஏழு வருஷம் வீட்டோடு இருந்தபின் முதல் தடவை. அவரிடம் ஈமெயில் இல்லாததால் என்னுடைய முகவரியைக் கொடுத்திருந்தார்.

"இஞ்சப் பாருங்க, ஏதும் வந்திச்சா?"

"வரல்ல."

"வடிவாத் தேடிப் பாத்தீங்களா?"

"தேடுற வித்தைய எனக்கே சொல்லித் தாறியா?"

தேடத்தான் செய்தேன். சாதாரணமாகத் தேடினால் அது குப்பைத்தொட்டிக்குள் எட்டிப் பார்க்காது என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

மூன்று கிழமை கழித்து, அஸர் தொழுகை முடிந்து வரும்போது முன்பள்ளியை நடத்தும் ஹாஜியார் எதிர்ப்பட்டார்.

"ரெண்டு தரம் மெயில் போட்டன் தம்பி. நேர்முகத்துக்கும் ஆள் வரல்ல. விருப்பமில்லையாக்கும் எண்டு வேற ஆள எடுத்திட்டம். சலாத்துக்காவது ஒரு பதில் தந்திருக்கலாமே?"

சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை என்று உங்களுக்குச் சொல்லித் தந்ததே நான்தான்.

வீட்டுக்கு ஓடிவந்து மறுபடியும் வீடியோ பார்த்தேன். தேடும் இடத்தில் 'இன்', அடுத்து முக்காற்புள்ளி, அடுத்து 'எனிவேர்' என்று இடைவெளி விடாமல் அடித்தால் குப்பையையும் சேர்த்துத் தேடுமாம். அடித்தேன். இரண்டு கடிதமும் கிடந்தன. நம்மூரில் யார் சலாம் சொல்லாமல் கடிதம் எழுதுகிறார்கள்? மரியாதை தெரிந்தவர்களையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, 'உங்களுக்குக் கோடி ரூபாய் பரிசு' என்று எழுதிய கள்ளர்களை மட்டும் இன்பொக்ஸில் உட்காரவைத்திருந்தேன்.

உம்மா இரண்டையும் வாசித்தார். கத்தவில்லை. "நேர்முகத்துக்கெண்டு தைச்ச அபாயாவ ஏதும் கல்யாணத்துக்குப் போடலாம்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருக்கலாம்.

இன்றைக்கும் நான் சலாம் சொல்லி வீட்டுக்குள் நுழைந்து, பதில் வரவில்லையே என்று நின்றால், குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் உம்மாவின் குரல் வரும்: "குப்பைக்குள்ள போயிருக்கும், தேடிப் பாருங்க!" நீங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்தக் கடிதங்களைக் கண்டுபிடித்த பின் வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் கடைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு தனியே உட்கார்ந்தேன். முதலில் அந்த விதியை அழித்தேன். குப்பைத்தொட்டி முப்பது நாளுக்குமேல் எதையும் வைத்திருக்காது. அதற்கு முந்திய சலாம்கள் போனது போனதுதான். மிச்சமிருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, ரோஜாப்பூக்காரர்களுக்கும் சேர்த்து, 'வஅலைக்குமுஸ்ஸலாம்' என்று பதில் எழுதினேன்.

ஹாஜியாருக்கு இரண்டு தரம்.