ஏழுமலை கட்டிய நான்கு குழாய்கள்

என் மானம் போனதற்கு மைக்செட் ஏழுமலைதான் காரணம். இதை அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் நம்புவதில்லை. ஏழுமலைக்கு ஊரில் நல்ல பெயர். நான் கத்துகிற வாத்தியார். யார் பேச்சு எடுபடும்?

வில்லியனூரைத் தாண்டி உள்ளே போகிற ஓர் ஊரின் அரசுத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் மூலக்குளத்துத் தனியார் பள்ளி வேன் வந்து, எங்கள் வாசலிலேயே நின்று, எங்களுக்கு வர வேண்டிய பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். டிரைவர் எனக்கு வணக்கம் வேறு வைப்பான். அடுத்த வருடமும் ஒன்றாம் வகுப்பில் ஆள் சேரவில்லையென்றால் பள்ளியை மூடிப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவோம் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள்.

எங்கள் எச்.எம். அம்மாவுக்கு வழி தோன்றியது. வேனில் போகிற பிள்ளைகளுக்கு ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறதாம். நாமும் ஒன்று ஏற்பாடு பண்ணி அம்மாக்களைக் கூப்பிட்டுக் காட்டலாம், நீங்களே பண்ணிடுங்க சார் என்றார். டீ வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னார்.

எங்களிடம் இருந்தது யாரோ கொடுத்த ஒரு புரொஜெக்டர். படம் வரும், சத்தம் வராது. கம்ப்யூட்டர் இல்லை, என் செல்போன்தான் கம்ப்யூட்டர். திரை இல்லை, என் வேட்டியைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். (கல்யாண வேட்டி. வீட்டில் சொல்லவில்லை.) பச்சைக் கரை போட்ட வேட்டி என்பதால் நிலா, கடல், எறும்பு எதைக் காட்டினாலும் ஓரத்தில் பச்சைக் கரை ஓடியது. ஜன்னலுக்குக் கதவு கிடையாது. யூரியா சாக்கைக் கிழித்துத் தொங்கவிட்டு இருட்டாக்கினேன். மின்விசிறியும் கிடையாது. நாங்கள் அவிந்தோம்.

சத்தத்துக்குத்தான் ஏழுமலை. கோயில், கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவன்தான். என் போனிலிருந்து ஓர் ஒயரை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, வேப்பமரத்தடியில் இருந்த அவனுடைய ஆம்ப்ளிஃபயரில் செருகினான். ரூமுக்குள் ஒரு பெட்டி ஸ்பீக்கர், என் கைக்கு ஒரு மைக். "ரூமுக்குள்ள மட்டும் போதும்பா" என்று தெளிவாகச் சொன்னேன். தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு, இருபது வருடமாக எந்த வேலைக்குப் போனாலும் முதலில் என்ன செய்வானோ அதையே செய்தான். மரத்தில் ஏறி நான்கு திசைக்கும் நான்கு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டினான். நான் இருட்டுக்குள் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

வந்தது நான்கே அம்மாக்கள். அதிலும் ஒருத்தி ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்டு வந்தவள். எச்.எம். அம்மா முகம் தொங்கிவிட்டது. சரி, ஆரம்பிப்போம் என்று காட்டு விலங்குகள் பாடத்தைப் போட்டேன். பச்சைக் கரை வழியாகச் சிங்கம் வந்து நின்று கர்ஜித்தது.

அந்தக் கர்ஜனை கேட்டு வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கரையேறியதும், ஒரு கறவை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு சங்கராபரணி ஆறு வரைக்கும் ஓடியதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நான் கண்டதெல்லாம், ஐந்தே நிமிடத்தில் ரூம் நிரம்பியதுதான். அம்மாக்கள், அப்பாக்கள், டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். என் பாடம் கேட்கத்தான் இப்படி ஓடி வருகிறார்கள் என்று நினைத்தேன். (நினைப்பைப் பார்!)

தலைக்கு ஏறிவிட்டது. மைக்கைப் பிடித்தேன். வேனில் ஏறினால் அறிவு வந்துவிடுமா, டை கட்டினால் கணக்கு வருமா, இதோ பாருங்கள் நம் பள்ளியை என்று பொரிந்து தள்ளினேன். கைதட்டினார்கள். எச்.எம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் சிங்கம் மறைந்து வேட்டி முழுக்க எழுத்து வந்தது: கலா (கட் பண்ணாதே).

கலா என் மனைவி. பெயரை அப்படிப் பதிந்து வைத்ததும் அவளே. வியர்வைக் கையால் சிவப்பைத் தள்ளப் போய்ப் பச்சையைத் தள்ளிவிட்டேன்.

"இன்னாங்க, மூலக்குளம் ஸ்கூல்ல அப்ளிகேஷன் வாங்கிட்டேன். பாப்பா வேன்ல போறேன்னு குதிக்குறா."

ரூமே அவள் குரலில் அதிர்ந்தது. ஒரு மாதமாக எங்கள் வீட்டில் இதுதான் சண்டை. பெண்ணை என் பள்ளியில் சேர்ப்போம் என்று நானும், முடியாது என்று அவளும். போனை அணைக்கப் பார்த்தேன், விரல் வழுக்கியது. அதற்குள் அவள் குரல் திடீரென்று இன்னும் பெரிதானது.

"உங்க ஸ்கூல்னு மறுபடி ஆரம்பிக்காதீங்க. ஃபேன் இல்ல, கக்கூஸ் கதவு சாத்தாதுன்னு நீங்கதான வந்து பொலம்புறீங்க? எச்.எம். அம்மா மீட்டிங்னா மொத ஆளா தூங்கிடுவாங்கன்னு சொன்னது நீங்கதான?"

எச்.எம். அம்மா அன்றைக்கு நன்றாக விழித்திருந்தார்.

முன்னால் உட்கார்ந்திருந்த செல்வி எழுந்தாள். சோப்பு கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவள், கையைப் பிடித்தபடி ஒன்றாம் வகுப்பு வயதில் பையன். அவளைப் பார்த்துத்தான் அந்தத் தெருவே பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யும்.

"சார், வேன் ஆவாது, டை ஆவாதுன்னீங்க. ஒங்க பொண்ணு எங்க படிக்கப் போவுது? அத மட்டும் சொல்லுங்க."

நான் என்ன சொல்கிறேனோ அதைப் பொறுத்ததுதான் பள்ளிக்கூடம் இருப்பதும் போவதும். ஒரு மாதமாக வீட்டில் சொல்லித் தோற்றதை மைக்கில் சொன்னேன்.

"இங்கதான். இந்த ரூம்லதான் என் பொண்ணு ஒண்ணாவது படிப்பா. எங்க வூட்ல முடிவு பண்றது நான்தான்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு நிதானமாக ஒரு குரல்.

"நான் லைன்லதான் இருக்கேன்."

மைக்கை மெல்லக் கீழே இறக்கினேன்.

"வூட்டுக்கு வாங்க."

ரூமுக்குள் சிரிப்பு வெடித்தது. அது சரி. ஆனால் வெளியிலிருந்தும் சிரிப்பு வந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து, வயலிலிருந்து, தண்ணித் தொட்டிப் பக்கத்திலிருந்து. சாக்கை விலக்கி எட்டிப் பார்த்தேன். மரத்தின் மேலே நான்கு குழாய்கள். கீழே டீ குடித்துக்கொண்டு ஏழுமலை.

"தெளிவா கேட்டுச்சா சார்?" என்றான்.

அன்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், தெருவுக்குத் தெரு "வூட்டுக்கா சார்?" என்று விசாரித்தார்கள். வீட்டில் கலா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். பயந்து போனேன். மறுநாள் காலை அவளே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு என் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஊர் முழுக்க சொல்லிட்டு இப்ப மாத்துனா அந்தப் பொம்பளைங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன் என்றாள். நேராகப் பள்ளிக்கு வந்தவள் கக்கூஸ் கதவை இழுத்துப் பார்த்தாள். கதவு அவள் கையோடு வந்துவிட்டது. கையில் கதவோடு எச்.எம். அம்மாவிடம் போய், இதைச் சரி பண்ணுங்கள், ஒரு மின்விசிறி மாட்டுங்கள், சேர்க்கிறேன் என்றாள். எச்.எம். அம்மா அங்கேயே தச்சருக்குப் போன் போட்டார். (அன்றிலிருந்து அவர் எந்த மீட்டிங்கிலும் தூங்கியதில்லை. கலாவைப் பார்த்தால் எனக்கும்தான் தூக்கம் வராது.)

பாப்பா சேர்ந்த அன்றே செல்வியின் பையனும் சேர்ந்தான். அதற்கப்புறம் அந்தத் தெருவே வந்தது. பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. வேன் இப்போது எங்கள் வாசலில் வேகம் குறைக்காமலே போகிறது. ஊரில் என் பெயர் 'வூட்டுக்கு வாங்க சார்'. வீட்டில் நான் குரலை உயர்த்தினால் பாப்பா கரண்டியை மைக்காகப் பிடித்து, "நான் லைன்லதான் இருக்கேன்" என்கிறாள்.

போகட்டும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஏழுமலை, ஆண்டுவிழாவுக்கு மறுபடியும் உன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். குழாய் கட்டியது பழக்கதோஷம், விட்டுவிடுகிறேன். முதல் பாட்டைப் போடுவதற்கு முன்னால் அதே மைக்கைப் பிடித்து, நான்கு திசைக்கும் கேட்கும்படி இதற்கு மட்டும் பதில் சொல்: கலா பேச ஆரம்பித்ததும் சத்தத்தைக் கூட்டி வைத்தது யார்?