சுவர் காத்த மேஸ்திரி

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலையாயது நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல; செத்த பிறகும் வீட்டுச் சாவியைத் தன் இடுப்பிலேயே சொருகி வைத்துக்கொள்ளும் வித்தைதான். அந்த வித்தையைக் கரைத்துக் குடித்த மகான்களின் சபையில் உடைப்பு மேஸ்திரிக்கு ஒரு தனி நாற்காலி போட்டாக வேண்டும்.

கட்டுகிற மேஸ்திரிகள் எங்கும் உண்டு. இவர் உடைக்கிற மேஸ்திரி. அப்பன் கண்ணை மூடியதும் அண்ணனும் தம்பியும் வீட்டைப் பங்கு போட இவரைத்தான் தேடுவார்கள். நூல் பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எது சும்மா நிற்கிறது என்று விரலை மடக்கித் தட்டிப் பார்த்துவிட்டுச் சம்மட்டியை எடுப்பார். ஒரு வீட்டில் சமையல் மேடைக்கு நடுவே கோடு போனது. அண்ணன் பக்கம் அடுப்பு, தம்பி பக்கம் தண்ணீர்க் குழாய். இன்னொரு வீட்டில் சன்னலையே இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு கதவு கொடுத்தார். கூலியோடு திரும்பும்போதெல்லாம் தன் வீட்டுச் சுவரைத் தடவிக் கொடுப்பார். “உன்னை ஒரு பய தொட விடமாட்டேன்.”

தம் மகனும் மகளும் மற்றவர்களைப் போலச் சண்டை போடுவதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. எதற்காகப் பேச்சை நிறுத்தினார்கள் என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது. நிறுத்தியது மட்டும் நினைவில் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ‘முதுமையும் சொத்தும்’ என்ற இலவசக் கருத்தரங்குக்கு மேஸ்திரி போனார். குளிரூட்டிய அறை, டீ, பிஸ்கட். டை கட்டிய ஆலோசகர் மேடையிலிருந்து கர்ஜித்தார்: “உங்கள் சொத்தின் பரம எதிரி யார்?”

“கரையான்!” என்றார் முன்வரிசைப் பெரியவர்.

“வாரிசு!” என்று திருத்தினார் ஆலோசகர்.

மேஸ்திரி எழுந்து நின்று கை தட்டினார். அந்தக் கூட்டத்தில் அந்த உண்மையைச் சம்மட்டியால் அடித்தே தெரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

அடுத்து வக்கீல் அலுவலகம்.

“குடும்ப அறக்கட்டளைன்னு ஒண்ணு அமைச்சிடலாம்,” என்றார் வக்கீல். “வீடு இனிமே உங்களுதும் இல்ல, பசங்களுதும் இல்ல. அறக்கட்டளையோடது. நீங்க அதுக்குத் தலைவர். இருக்கிற வரைக்கும் குடியிருக்கலாம்.”

“யாருக்குமே இல்லாத சொத்தா! அடடா, இதுதான் சார் பாதுகாப்பு.”

“நிபந்தனை ஏதாவது போடணுமா?”

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒரு செங்கல்லை எவனும் பேர்க்கக் கூடாது. பேர்க்கணும்னா மகனும் மகளும் ஒருமனதா கையெழுத்துப் போடணும். மீறிச் சுவத்துல கை வச்ச ஆளு வீட்டை விட்டு வெளியே போயிடணும்.”

“ஒருமனதாவா? அவங்க பேசிக்கிறதே இல்லன்னீங்களே?”

“அதானே சார் சூட்சுமம்!”

வக்கீலின் பேனா சற்றுத் தயங்கியது. “இது உங்களுக்கும் சேர்த்தா?”

“எனக்கும்தான். வயசாக ஆக மனசு இளகும், புத்தி பிசகும். உலகத்துல நான் நம்பாத முதல் ஆளு நான்தான் சார்.”

இப்படித் தன்னையே நம்பாத தலைவர்கள் எல்லா நிறுவனங்களுக்கும் கிடைப்பதில்லை.

வீடு பத்திரமானது. செங்கல் ஒன்றும் அசையவில்லை. அசைந்தது மேஸ்திரியின் மனைவியின் முழங்கால். அந்த வீடு எழும்பியபோது அவர் வைத்த ஒவ்வொரு கல்லையும் தலைச்சுமையாக ஏற்றிக் கொடுத்த சித்தாள் அவள்தான். முழங்கால் மொத்தமாகக் கைவிட்டதும், ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வீடு திரும்பினாள். நாற்காலி வாசலைத் தாண்டியது, கூடத்தைத் தாண்டியது, குளியலறைக் கதவு நிலையில் முட்டிக்கொண்டு நின்றது.

“இவ்வளவுதானே? ஒரு முழம் எடுத்தா ஆச்சு,” என்று மேஸ்திரி சம்மட்டியை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

“என்னய்யா, பிடிச்சுக்கிச்சா?”

“பத்திரம் ஞாபகம் வந்துடுச்சும்மா.”

உடனடியாக அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. இடம்: கூடத்து மேசையில் சொம்பின்மேல் சாய்த்து வைத்த செல்போன். வருகை: திரையின் மேல்பாதியில் மகன், கீழ்ப்பாதியில் மகள். தலைவர் விஷயத்தை எடுத்துரைத்தார்.

“தாராளமா எடுக்கலாம்ப்பா,” என்றான் மகன். “கீழ இருக்கிறவங்க முதல்ல கையெழுத்துப் போடட்டும்.”

“மேல இருக்கிறவரு போடட்டும்ப்பா, நான் பின்னாடியே போடறேன்,” என்றாள் மகள்.

“நான் முதல்ல போட்டா, இடிக்கச் சொன்னதே நான்தான்னு நாளைக்குப் பேச்சு வரும்.”

“எனக்கு மட்டும் வராதா? இன்னிக்குக் குளியலறைன்னு ஆரம்பிச்சு, நாளைக்குப் பின்கட்டு முழுக்க அவருக்குன்னு ஆகும்.”

“அப்பா, அந்தச் சுவரு பாரம் தாங்குதான்னு முதல்ல ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்க.”

“யார்கிட்டடா சொல்ற? காலம் பூரா சுவத்துக்கு நாடி பார்த்தவன்டா நான்!”

“சரிதான்ப்பா. ஆனா நீங்க சம்பந்தப்பட்ட ஆளு. நடுநிலையா ஒருத்தர் வேணும்ல?”

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “டேய், நடுநிலை வர்ற வரைக்கும் எனக்கு நிக்காதுடா. அவசரம்.”

“அதைத்தானேம்மா பேசிக்கிட்டு இருக்கோம்!”

“முடிவாகிற வரைக்கும் ஒரு பக்கெட்டு வச்சுக்கயேம்மா,” என்றாள் மகள்.

நாற்காலியில் இருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு புடவைத் தலைப்பை மடியில் இழுத்துச் செருகினாள். சாரமேறி வேலை செய்த நாட்களில் மறைவிடம் கிடைக்காமல் அவள் இப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“கூட்டம் ஒத்திவைக்கப்படுது,” என்று அறிவித்துவிட்டுத் தலைவர் குளியலறைச் சுவரில் சம்மட்டியை இறக்கினார்.

“அப்பா! கீழ வைங்க!”

அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். புழுதிக்குள் நாற்காலி உள்ளே போனது. திரையில் பேச்சுவார்த்தை தொடர்ந்தது.

“இன்னிக்கு ஒண்ணை இடிச்சாரு, நாளைக்கு எதை இடிப்பாரோ?”

“நீ சொல்றது சரிதான் அண்ணா.”

“இல்லம்மா, நீ அன்னிக்கே சொன்ன.”

பிரிந்த குடும்பத்தை ஒன்று சேர்ப்பதில் இத்திட்டத்துக்கு நிகரான திட்டம் வேறில்லை.

சில நாளில் வக்கீலே நேரில் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “மேஸ்திரி, சுவத்துல கை வச்சவர் வெளியேறணும்னு நோட்டீஸ். பசங்க ஒருமனதா போட்டிருக்காங்க. தலைவர் கையெழுத்தும் வேணும்.”

“தலைவர் நான்தானே?”

“ஆமா.”

“யாருக்கு நோட்டீஸ்?”

“உங்களுக்கு.”

மேஸ்திரி கண்ணாடியை மாட்டி, நோட்டீஸையும் அதோடு இணைத்திருந்த பத்திரத்தையும் இரண்டு தடவை படித்தார். “ஒரு ஓட்டை இல்ல சார். சம்மட்டி பிடிக்கிறவன் சொல்லி எழுதினதுன்னு ஒருத்தன் நம்புவானா? என்னை மாதிரி ஒரு மடையனைப் பிடிக்க எவ்வளவு பெரிய பொறி!” என்று தன் கையெழுத்தைக் கஷ்டப்பட்டு வரைந்தார்.

உடைந்த நிலையைத் தாண்டிச் சக்கர நாற்காலி கூடத்துக்கு வந்தது. “அந்தப் பத்திரத்துல உன் பேரு இருக்கா?”

“பக்கத்துக்குப் பக்கம்.”

“பசங்க பேரு?”

“இருக்கு.”

“என் பேரு?”

மேஸ்திரி தாள்களைப் புரட்டினார். வக்கீலும் குனிந்து தேடினார். செங்கல் இருந்தது, சன்னல் இருந்தது, தண்ணீர்த் தொட்டிகூட இருந்தது.

“விட்டுப்போச்சும்மா,” என்றார் மேஸ்திரி.

“இதுல எந்தக் கல்லுய்யா என் தலையில ஏறாம வந்துச்சு?”

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றினார்.

“சரி விடு. பேரு இல்லாதவளுக்கு நோட்டீசும் இல்ல. நான் இங்கதான் இருப்பேன்,” என்று அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். “நீ கெளம்பு. வெளிய நின்னு கதவை மெதுவாச் சாத்து. சொத்துக்கு ஏதும் ஆயிடப் போவுது.”