கசிவுக்குச் சிங்கம் வைத்த உபகோட்டம்

உலகத்தில் அணைகள் பலவிதம். பாசனத்துக்குக் கட்டியவை உண்டு, மின்சாரத்துக்குக் கட்டியவை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் மனிதன் படகில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பதற்கென்றே ஓர் அணை கட்டிய பெருமை, உத்தனப்பள்ளிக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவே இயங்கிய உல்லாச நீர்த்தேக்க உபகோட்டத்தையே சேரும். சுதந்திரம் வந்து ஒன்பது வருஷம் ஆகியும் குடிமக்களுக்கு உல்லாசம் வந்து சேரவில்லையே என்ற கவலையில் பிறந்த அணை அது. பெயர் 'ஆனந்த சாகரம்'. இந்தக் கரையிலிருந்து கல்லெறிந்தால் அந்தக் கரையில் மேயும் ஆட்டின் மேல் விழும். அது வேறு விஷயம்.

சாகரத்துக்கு ஒரு மண் கரை, ஒரு மதகு, 'ஜலராணி' என்றொரு படகு, ஒரு லஸ்கர். மதகைத் திறந்து மூடி, கரையைச் சுற்றிப் பார்த்து, தண்ணீர் மட்டத்தைத் தினமும் நோட்டில் எழுதும் கடைநிலை ஊழியருக்கு லஸ்கர் என்று பெயர். அந்த லஸ்கர் கங்கப்பனிடம் ஒரு குறை இருந்தது. அவர் உண்மையிலேயே கரையைச் சுற்றிப் பார்த்தார். போதாததற்கு, கரைக்கு நேர் கீழே பள்ளக்கொட்டாயில் இருந்த முப்பத்திரண்டு வீடுகளில் ஒன்று அவருடையது. தன் வீட்டைக் கீழே வைத்துக்கொண்டிருப்பவருக்கு அணையைப் பற்றி நடுநிலையான பார்வை எங்கிருந்து வரும்?

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு நாள், கரையின் அடிவாரத்தில் தண்ணீர் கசிவதைக் கண்டு ஓவர்சியர் நாராயணப்பனிடம் ஓடினார். நாராயணப்பன் சிறந்த நிர்வாகி. கசிவு என்று எழுதினால் பழுது பார்க்க வேண்டும். பழுது பார்க்க ஏரியை வடிக்க வேண்டும். வடித்தால் படகு தரைதட்டும். ஆகவே 'இயற்கை ஊற்று' என்று எழுதினார். ஊற்று என்று ஆனபின் அதை அநாதையாக விட முடியுமா? பத்தே நாளில் அந்த இடத்தில் சிமெண்டில் ஒரு சிங்கம் எழும்பி, வாய்வழியாகத் தண்ணீர் கொட்டியது. சுற்றிலும் கனகாம்பரம் நட்டார்கள். நாகரசம்பட்டியிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். பள்ளக்கொட்டாய்ப் பெண்கள் சிங்கத்துக்கு மஞ்சள் பூசி, கங்கம்மா என்று கும்பிட்டு, குடத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஓர் ஆபத்துக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைத்ததில்லை.

கார்த்திகையில் சிங்கம் சிவப்பாகக் கக்கத் தொடங்கியது.

தெளிந்த தண்ணீர் கசிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். செம்மண்ணோடு கசிந்தால் கரை உள்ளுக்குள்ளே கரைகிறது. பத்து வருஷம் ஏரிக்கரைகளில் மண் சுமந்து கங்கப்பன் தெரிந்துகொண்ட பாடம் இது. மனைவி முனிலட்சுமி குடத்தின் அடியில் விரற்கடைச் சேறு தங்குவதைக் காட்டினாள். அவர் அந்தச் சேற்றை ஒரு சொம்பில் வழித்துக்கொண்டு அலுவலகம் போனார்.

"சாமி, கரையே கொஞ்சங் கொஞ்சமா சிங்கத்து வாயில வருதுங்க. மதகத் தொறந்து பாதித் தண்ணிய உட்டாத்தான் தாங்கும்."

நாராயணப்பன் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம மெட்ராஸ்லருந்து பெரிய ஆபீசரு குடும்பத்தோட போட்டுல போக வராரு. தண்ணி ஒரு அடி எறங்குனாலும் போட்டு தட்டும். திங்கக்கெழம பாத்துக்கலாம்."

"அதுவரிக்கும் கரை தாங்கணுமேங்க."

"அதுக்குத்தான் மேல எழுதி அனுப்பிட்டேன்ல."

எழுதித்தான் அனுப்பியிருந்தார். 'சிங்கத்தின் நிறம் சற்று மாறியிருப்பதால் வெள்ளையடிக்க அனுமதி கோரப்படுகிறது.'

சனிக்கிழமை காலை, கரையின் உச்சியில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு மண் உள்வாங்கியது. கங்கப்பன் அலுவலகத்துக்கு ஓடினார். ஓவர்சியர் வரவேற்பு வளைவுக்கு வாழைமரம் வாங்கக் கெலமங்கலம் போயிருந்தார். கங்கப்பன் திரும்பி வந்து கரைமேல் நின்றார். கீழே கூரைகளிலிருந்து அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. வேலை போய்விடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே மதகுச் சாவியை மாட்டித் திருகினார். மாலைக்குள் பாதி ஏரி வாய்க்காலில் வடிந்தது. சிங்கம் கக்குவதை நிறுத்தியது. ஜலராணி சேற்றில் ஒருக்களித்துப் படுத்தது.

மறுநாள் வந்த பெரிய அதிகாரி சேற்றைப் பார்த்தார். அவருடைய மகள் அழுதாள். அந்தக் கண்ணீர் விசாரணை அறிக்கையின் முதல் பத்தியில் இடம்பெற்றது.

விசாரணையில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. கங்கப்பனுக்கு நாற்காலிகூடப் போட்டார்கள். கரையில் விழுந்த குழியை வந்து பார்க்கும்படி அவர் கேட்டார், போய்ப் பார்த்தார்கள். ஓவர்சியர் அதை ஞாயிற்றுக்கிழமையே மண் போட்டு மூடிக் கனகாம்பரம் நட்டிருந்தார்.

"கரை ஒடையும்னு சொன்னியே, ஒடஞ்சுதா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க. தண்ணிய உட்டுட்டனுங்களே."

"சிங்கத்து வாயில இப்ப செகப்புத் தண்ணி வருதா?"

"ஏரி எறங்கிடுச்சு. எப்பிடிங்க வரும்?"

"பள்ளக்கொட்டாயில ஒரு வீடாவது போச்சா? ஒரு ஆடு?"

"எல்லாரும் நல்லா இருக்கறாங்க, சாமி."

"அப்பறம் எத வச்சுய்யா ஒன்ன நம்பறது?"

கங்கப்பனை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் இடத்துக்கு மேட்டில் வீடுள்ள ஒருவர் வந்தார். மதகுச் சாவியைச் சேலத்தில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அணை முற்றிலும் பாதுகாப்பானது என்று சான்றிதழ் எழுதி, ஏரியைப் பழையபடி நிரம்பவிட்டார்கள்.

உபகோட்டத்துக்கு ஈரமில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மேல்முறையீட்டுக்கு அது தாராளமாக இடம் கொடுத்திருக்கிறது. தக்க ஆதாரம் மட்டும் வேண்டும். கரை உடைந்து பள்ளக்கொட்டாயை வெள்ளம் அடித்துக்கொண்டு போன மறுநாளே கங்கப்பன் மனு கொடுக்கலாம். அவர் தவறியிருந்தால், வாரிசுகள் கொடுக்கலாம். ஊரில் இன்னும் உயிரோடிருக்கும் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும்.