தனியே ஜெபிக்க ஓர் இடம்

கர்த்தருக்குள் மிகவும் பிரியமுள்ள ராகேல் அக்காவுக்கு,

இரணியலிலிருந்து தம்பி ராஜையன் எழுதுவது. அக்காவும் அத்தானும் சென்னையில் சுகமாயிருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுத வந்தேன், கை ஓடவில்லை. என் வீட்டுக்காரி செல்லபாயை அடக்கம் செய்த பிறகு எனக்குத் துணையாகச் சில மாதம் வந்து தங்கப்போவதாக போனில் சொன்னீர்கள். தயவுசெய்து வரவேண்டாம். கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள்.

அவள் போனதிலிருந்து ஆண்டவரிடம் தனியாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அலைகிறேன், முடியவில்லை. காலையில் சபையார் ஆறுதல் சொல்ல வருகிறார்கள், ஆளுக்கொரு ஜெபம் செய்கிறார்கள், எல்லோருக்குமாக நான் ஆமென் சொல்லி முடிப்பதற்குள் மாலைக் கூட்டம் வந்துவிடுகிறது. ஒருநாள் கோயிலுக்குப் போய் முழங்காலிட்டேன், பாடகர் குழு ஒத்திகைக்கு வந்து, ஆண் குரல் குறைகிறது என்று என்னை எழுப்பி வரிசையில் நிறுத்திவிட்டது. வேறு வழியில்லாமல் வீட்டுக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். வெகுநேரம் சத்தமில்லை என்று மருமகள் ஜாஸ்பின் பயந்து அடுத்த வீட்டுக் கிருஷ்ணமணியைக் கூப்பிட, அவர் கடப்பாரையால் கதவைப் பெயர்த்துவிட்டார். முழங்காலில் நின்ற என்னைப் பார்த்து, "வழுக்கி விழுந்துட்டீரா, ஓய்?" என்று தூக்கினார். அந்தக் கதவு இன்னும் சரியாக மூடவில்லை.

மறுநாள் போனை வீட்டில் வைத்துவிட்டு, யாருக்கும் என்னைத் தெரியாத கீரிப்பாறைக்கு பஸ் ஏறினேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அங்கேயும் ஓர் அம்மாள், அந்த மரங்களில் பால் வெட்டுகிறவள், வாளியோடு வந்து நின்றாள். பெயர் தாணம்மாள். ஆரைத் தேடி வந்தீங்க என்றாள். ஜெபம் பண்ண வந்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. கயிறு கியிறு வைத்திருக்கிறேனா என்று என் கையைப் பார்த்தாள். பிறகு வாளியை இறக்கி வைத்தாள்.

"நீங்க ஜெபம் பண்ணுங்க. நான் போவமாட்டேன். அந்தப் பக்கம் திரும்பி இருந்துக்கிடுதேன்."

சொன்னபடியே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அக்கா, எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "ஆண்டவரே, அவள் இல்லாத வீட்டில் எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை" என்றேன். அதற்குமேல் அழுகைதான். அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. முடிந்ததும் கூடவே நடந்து வந்து, பத்திரமாக இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால், காணாமல்போன எனக்காக சபையே கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறது. நானும் பின்வரிசையில் முழங்காலிட்டு, நான் கிடைக்க வேண்டும் என்று ஜெபித்தேன். ஆமென் சொன்னபோதுதான் என்னைப் பார்த்தார்கள்.

ஆகவே அக்கா, இத்தனை பேரோடு நீங்களும் வேண்டாம். அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். சமாதானத்தின் தேவன் உங்கள் இருவரோடும் இருப்பாராக.

அன்புத் தம்பி,
ராஜையன்

பி.கு.: இதை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை, அதற்குள் ஜாஸ்பின் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். மழையால் இன்று சபையாரும் வரவில்லை. நான் கேட்ட அமைதி வீடு முழுக்க இருக்கிறது. முழங்காலிட்டுப் பார்த்தேன், "ஆண்டவரே" என்பதோடு நின்றுவிட்டது. டிக்கெட் கிடைத்தால் வந்துவிடுங்கள், அக்கா. இரணியல் ஸ்டேஷனில் நிற்பேன்.