கோப்புகளுக்கு வீடு பார்த்தவர்

ஹட்டனில் இருந்து வட்டகொடை வரை சல்லடை போட்டுத் தேடினாலும், கணினியில் ஒரு கோப்பை எங்கே வைப்பது என்பதற்காக மூன்று நாள் சண்டை போடும் மனிதர் இன்னொருவர் கிடைக்கமாட்டார். எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘விலாசம்’.

நாங்கள் ஐந்து பேர் ஹட்டனில் ஒரு மாடியறையில் இருந்துகொண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு லினக்ஸ் மென்பொருள் செய்தோம். பொதியாகக் கட்டி அனுப்பினால் அது தோட்டத்துக் கணினியில் தானாகவே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். எங்கே உட்காருவது என்பதில்தான் தகராறு.

விலாசத்தின் சட்டப்படி நிரல் /usr-இல், அமைப்புகள் /etc-இல், அன்றாடம் சேரும் தகவல் /var-இல். நான் சோம்பேறி. எல்லாவற்றையும் /opt-இல் ஒரே கோப்புறையில் திணித்துவிடுவேன்.

“என்னா தம்பி இது? நாலு குடும்பத்த ஒரே காம்பராவுல அடைச்சி வச்சிருக்க?”

“தோட்டத்து லய வீட்டுல நாம அப்புடித்தானே அண்ணே இருந்தோம்?”

“அதனாலதான் சொல்றேன்.”

அலுவலகத்தில் குடை மாட்டக்கூட ஆளுக்கொரு ஆணி ஒதுக்கியிருந்தார். முதலாளியின் குடை ஒருநாள் ஆணி மாறித் தொங்கியதற்கு அவருக்கே கடிதம் எழுதினார். முதலாளி மன்னிப்புக் கேட்டார்.

தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். அங்கே குழந்தைகளின் எடையைப் பதிய நிரல் கேட்டார்கள். யார் மெலிகிறார்கள் என்று அதில் பார்த்துத்தான் மருத்துவ மாதுவை அழைப்பார்கள். வழக்கம்போல் /opt-இல் திணித்தேன். புதுப் பதிப்பு இறங்கும்போது பழைய கோப்புறையை அடியோடு அழிக்கவும் எழுதிவைத்தேன். எனக்குச் சுத்தம் பிடிக்கும்.

விலாசம் மூன்று நாள் கத்தினார். நான்காம் நாள் பேச்சை நிறுத்தினார். ஜெயித்துவிட்டேன் என்று எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். அவரும் ஒரு துண்டு சாப்பிட்டார்.

ஆறு மாதம் கழித்துப் புதுப் பதிப்பை அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அழியப்போகும் கோப்புறைக்குள்தான் குழந்தைகளின் எடையும் இருக்கிறது! பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அக்கா, புள்ளைங்க எடையெல்லாம் இருக்குங்களா?”

“ஏன் தம்பி, எல்லாம் இருக்கே. கவிதா மக அரைக் கிலோ கூடிருக்கா.”

கேக் சாப்பிட்ட அன்றே விலாசம் என் பொதியைப் பிரித்து, தகவலை மட்டும் /var-க்குக் குடிமாற்றியிருந்தார்.

“ஏன் அண்ணே சொல்லல?”

“கேக் நல்லா இருந்திச்சி.” தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “எங்க லயத்துக்கு வெலாசம் கெடையாது தம்பி. கடுதாசியெல்லாம் தோட்டத்து ஒபிஸுக்குத்தான் வரும். படிக்க எடம் கெடைச்சிருக்குன்னு எனக்கு வந்த கெம்பஸ் கடுதாசி அங்க ஏதோ மேச லாச்சியில கெடந்திச்சி. கைக்கு வந்தப்ப சேர்ற நாள் தாண்டிருச்சி.”

இப்போது அவர் கண்டியில் வேலை செய்கிறார். அவரில்லாத அலுவலகம் எனக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு நனைந்து வந்தாலும் அவருடைய ஆணியில் நான் குடை மாட்டுவதில்லை. அவர் எப்போது வந்தாலும் அது காலியாக இருக்க வேண்டும்.