பேராசிரியர் சாப்பிட்ட ஆராய்ச்சி

சாங்ஷான் மலையடிவாரம்,
பிளம் பழம் உப்பிலிடும் மாதம்.

குன்மிங்கில் பூச்சிகளைப் படித்துப் பட்டம் வாங்கப்போகும் அருமை மகன் துவான் ஷூஹெங்குக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கோழிகளும் சௌக்கியம். உன் புழுக்களைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். ஓடைக் கல்லுக்கடியில் பிடித்த புழுக்களைச் சமையலறைத் தொட்டியில் விட்டு, "இது பேராசிரியருக்கு, வேற யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. நம் ஊரில் வறுத்த ஓடைப்புழு வைக்காமல் விருந்தாளியை அனுப்பினால் நான் தெருவில் தலைகாட்ட முடியுமா? உன் பேராசிரியர் கூ நீ வந்து சேருமுன்பே வந்து இறங்கினார், அம்மா வாணலியை ஏற்றினாள், நான் பிளம் மதுவை ஊற்றினேன், அவர் புழுவை அள்ளிப் போட்டபடியே முதுகெலும்பில்லாத உயிர்கள் எத்தனை வகை, எப்படிக் கடலைவிட்டு ஏறின, எப்படிச் சிறகு வளர்த்தன என்று பாடம் நடத்தினார். "டைனோசருக்கும் மூத்த குலம்யா இது" என்றார். டைனோசர் காலத்தைத் தாண்டிய குலம் அம்மாவின் வாணலியைத் தாண்டவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க, பையனோட ஆராய்ச்சிப் புழுவைக் காட்டுங்க" என்றார்.

"காட்டியாச்சுங்களே. இப்ப மூணாவது தட்டு நடக்குது" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. வெட்கப்படுவார் என்று பார்த்தால், தட்டில் மிஞ்சிய ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, "செவுள் வேற மாதிரி இருக்கே. இது புது இனம். என் பேர்ல எழுதிடறேன்" என்று நம் மதுவிலேயே அதை ஊறப்போட்டு எடுத்துக்கொண்டார். "பையனோட பட்டம்?" என்று கேட்டேன். "புழுவே இல்லாம என்ன பட்டம்?" என்கிறார். தின்றது யாராம்? உன் படிப்பையே எண்ணெயில் போட்டுவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை, மகனே.

ஊர்க்காவல் தெய்வம் உன்னைக் காக்கட்டும். அப்பாவை மன்னிக்கும் புத்தியையும் சேர்த்துத் தரட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: இதை வாசித்துக் காட்டினேன், அம்மா சிரிக்கிறாள். "அவன் புழு மெலிஞ்சு கிடந்துச்சு, அதையா விருந்தாளிக்கு வைப்பாங்க? கிணத்தடி வாளியில மாத்தி விட்டேன், உசுரோட இருக்கு. நான் வறுத்தது சந்தையில வாங்கினது. நீங்க எங்க கேட்டீங்க?" என்கிறாள். உடனே வா. வாளியைக் காட்டி முதலில் பட்டத்துக்கு அவர் கையெழுத்தை வாங்கு, சந்தையைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே. அவருடைய புது இனம் அச்சேறட்டும். அதைக் கிலோக்கணக்கில் விற்கிற புழுக்காரிக்கு ஒரு பிரதி வாங்கிக் கொடுக்கலாம்.